செயற்கைச் சூரியனுக்கே 'பல்பு' கொடுக்கும் டங்ஸ்டன்: 15 கோடி டிகிரி சூடு எங்கே கசிகிறது?

கொல்கத்தாவின் தென்மேற்கில் இருக்கிறது பெஹாலா. ஜோகா ஐஐஎம்-ல் படித்தவர்களுக்கு இந்த ஏரியா நல்லாவே தெரிந்திருக்கும். டைமண்ட் ஹார்பர் ரோட்டில் பெஹாலாவைத் தாண்டாமல் ஜோகா போக முடியாது. இப்போது தலைக்கு மேலே மெட்ரோவும் ஓடுகிறது.

ஜனவரி மாத விடியற்காலையில் பெஹாலா சௌரஸ்தா பக்கம் ஒரு டீக்கடையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் நிலக்கரி போட்ட மண் அடுப்பில் டீ கொதிக்க வைக்கிறார். நீங்கள் இரண்டடி தள்ளி நின்று உள்ளங்கையை அடுப்பின் பக்கம் நீட்டுகிறீர்கள். நடுவில் இருக்கும் காற்று குளிராகத்தான் இருக்கிறது. ஆனாலும் கை சுடுகிறது. எப்படி? தணல் தன் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத ஒளியாக வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதைத் தடுக்க நடுவில் எதுவும் இல்லை.

உங்களுக்கு அது இதம். அடுப்புக்கு அது நஷ்டம்.

பூமியிலேயே ஒரு சூரியனை உருவாக்கி மின்சாரம் எடுக்க நினைக்கும் விஞ்ஞானிகளைப் பல ஆண்டுகளாகத் துரத்தும் பிரச்னை இந்த நஷ்டம்தான். உலகின் மிகப் பெரிய அணுக்கரு இணைவுத் திட்டமான 'ஈட்டர்', தன் உலையின் உட்சுவரை எந்த உலோகத்தால் செய்வது என்ற முடிவையே மாற்றியிருக்கிறது. அந்த மாற்றத்தோடு இந்தக் கசிவுக் கணக்கும் புதிதாக எழுதப்படுகிறது. இதில் இந்தியாவின் பணம் இருக்கிறது. கொல்கத்தாவுக்கும் ஒரு பழைய பங்கு இருக்கிறது.

என்ன நடக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரே நாள், ஒரே ஊர், இரண்டு செய்திகள்

2025 பிப்ரவரி 12. பிரதமர் மோடியும் பிரான்ஸ் அதிபர் மக்ரோனும் தெற்கு பிரான்ஸின் கதராஷில் உள்ள ஈட்டர் வளாகத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். இந்தியா உட்பட ஏழு தரப்புகள் சேர்ந்து கட்டும் திட்டம் அது.

அதே நாளில், அதே கதராஷில் இருக்கும் 'வெஸ்ட்' என்ற பிரெஞ்சு ஆய்வு உலை ஒரு சாதனை செய்தது. சுமார் 5 கோடி டிகிரி சூடான பிளாஸ்மாவை 1,337 விநாடிகள், அதாவது 22 நிமிடங்களுக்கும் மேல் அணையாமல் பிடித்து வைத்தது. மூன்று வாரங்களுக்கு முன்பு, ஜனவரி 20-ல், சீனாவின் 'ஈஸ்ட்' உலை 1,066 விநாடிகள் தாக்குப்பிடித்திருந்தது.

'செயற்கைச் சூரியன் உலக சாதனை' என்று தலைப்புகள் பறந்தன. ஆனால் இந்தத் துறைக்காரர்கள் வெஸ்டைக் கவனித்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதன் உட்சுவர் டங்ஸ்டன். ஈட்டரும் அந்தப் பாதைக்குத்தான் வந்திருக்கிறது.

டங்ஸ்டன் என்றால் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டிதான். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக மக்கள் போராடி, 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அதற்கு முந்தைய தலைமுறைக்கு டங்ஸ்டன் என்றால் குண்டு பல்புக்குள் இருக்கும் மெல்லிய இழை. எவ்வளவு சூடானாலும் உருகாது, பளிச்சென்று ஒளி விடும். இந்த இரண்டு குணங்களையும் நினைவில் வையுங்கள். ஒன்று உலைக்கு வரம். இன்னொன்று சாபம்.

'கதிர்வீச்சு' என்றால் இங்கே என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அணு உலை பற்றிய செய்தியில் 'கதிர்வீச்சு' என்று வந்தாலே நமக்கு செர்னோபில் ஞாபகம் வரும். இங்கே பேசுவது அதைப் பற்றி இல்லை. பிளாஸ்மாவிலிருந்து ஒளியாகவும், புற ஊதாக் கதிராகவும், எக்ஸ்ரேயாகவும் வெளியேறும் ஆற்றலைப் பற்றி. சுருக்கமாகச் சொன்னால், அடுப்பிலிருந்து கைக்கு வந்த சூட்டின் சொந்தக்காரர்கள்.

ஈட்டர் போன்ற உலைக்கு 'டோகாமாக்' என்று பெயர். வடை வடிவத்தில் ஒரு பாத்திரம். அதற்குள் ஹைட்ரஜனின் இரண்டு வகைகளான டியூட்டீரியம், டிரிட்டியம். 15 கோடி டிகிரிக்குச் சூடாக்கினால் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்து போய், எல்லாம் மின்னூட்டம் பெற்ற துகள்களின் கலவையாகிவிடும். அதுதான் பிளாஸ்மா. இந்தச் சூட்டைத் தாங்கும் பாத்திரம் எதுவுமே கிடையாது. அதனால் காந்தப் புலத்தால் அதைச் சுவரில் படாமல் அந்தரத்தில் நிறுத்துகிறார்கள்.

காந்தப் புலம் துகள்களைப் பிடித்து வைக்கும். ஆனால் ஒளியைப் பிடிக்காது. ஒளிக்கு மின்னூட்டம் இல்லையே! காந்தம் எவ்வளவு பலமாக இருந்தாலும் எக்ஸ்ரே அதைப் பொருட்படுத்தாமல் நேராக வெளியே போய்விடும். அணைக்கு எவ்வளவு உயரமாகச் சுவர் கட்டினாலும், நீர் ஆவியாவதைச் சுவரால் தடுக்க முடியாது, இல்லையா? அந்த மாதிரி.

மூன்று கசிவுகள்

முதல் கசிவு, தடைக்கதிர். வேகமாகப் பறக்கும் எலெக்ட்ரான் ஒரு அணுக்கருவின் அருகே வரும்போது வளைந்து வேகம் இழக்கிறது. இழந்த ஆற்றல் எக்ஸ்ரேயாக வெளியேறுகிறது. பிரேக் அடித்தால் டயர் சூடாவது போல இங்கே பிரேக் அடித்தால் ஒளி வருகிறது. இந்தக் கதிரின் ஜெர்மன் பெயருக்கே 'பிரேக் கதிர்' என்றுதான் அர்த்தம். எரிபொருள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. இது இயற்கை வசூலிக்கும் வரி. அணுக்கருவின் மின்னூட்டம் கூடக் கூட வரியும் ஏறும், அதுவும் இருமடி வேகத்தில். ஹைட்ரஜனின் மின்னூட்டம் 1. கார்பனுக்கு 6 என்பதால் 36 மடங்கு.

இரண்டாவது, வரிக்கதிர். அணுவிடம் ஓரிரு எலெக்ட்ரான்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், மோதலில் அவை மேல்படிக்குத் தாவி, மறுபடி கீழே குதிக்கும்போது ஒளியை உமிழும். நியான் விளக்கு எரிவதும் இப்படித்தான். ஹைட்ரஜனிடம் இருப்பதே ஒரு எலெக்ட்ரான். அது பிய்ந்து போனால் இந்தக் கசிவு நின்றுவிடும். மாசு அணுக்கள் உள்ளே வந்தால்தான் வம்பு.

மூன்றாவது, சிங்க்ரோட்ரான் கதிர். காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழலும் எலெக்ட்ரான்கள் வெளியிடுவது. இதில் பெரும்பகுதி பிளாஸ்மாவாலும் சுவராலும் உறிஞ்சப்பட்டோ பிரதிபலிக்கப்பட்டோ உள்ளேயே சுற்றும். சூடு மிக அதிகமானால்தான் இது பெரிய தலைவலி.

இப்போது வரவு செலவுக் கணக்குக்கு வரலாம். ஒவ்வொரு இணைவிலும் கிடைக்கும் ஆற்றலில் 80 சதவீதத்தை நியூட்ரான் எடுத்துக்கொண்டு சுவருக்குப் போய்விடும். மின்சாரம் எடுக்கப் போவது அந்தச் சூட்டிலிருந்துதான். மீதி 20 சதவீதம் மட்டுமே ஹீலியம் அணுக்கருவோடு பிளாஸ்மாவுக்குள் தங்கி அதைச் சூடாக வைக்கும்.

ஈட்டரின் இலக்கு 500 மெகாவாட் இணைவு ஆற்றல். அப்படியானால் பிளாஸ்மாவுக்குள் தங்குவது 100 மெகாவாட். வெளியிலிருந்து 50 மெகாவாட் சூடேற்றல். ஆக மொத்த வரவு 150 மெகாவாட். இதில் தடைக்கதிர் மட்டும் ஏறத்தாழ 20 மெகாவாட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். சமாளிக்கலாம். ஆனால் சுமார் 5 கோடி டிகிரிக்குக் கீழே போனால் ஹீலியம் தரும் சூட்டைவிடத் தடைக்கதிரின் இழப்பே அதிகம். அங்கே எவ்வளவு பெரிய உலை கட்டினாலும் அது தானாக எரியாது. 15 கோடி டிகிரி வேண்டும் என்று அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொல்கத்தாவிலிருந்து வந்த சமன்பாடு

எந்தச் சூட்டில் ஒரு அணு எத்தனை எலெக்ட்ரான்களை இழந்திருக்கும்? கசிவுக் கணக்கின் மையமே இந்தக் கேள்விதான். எலெக்ட்ரான் மிச்சம் இருந்தால் வரிக்கதிர் இருக்கும். மிச்சம் இல்லையென்றால் இருக்காது.

இந்தக் கேள்விக்கு முதல் கணித விடையைத் தந்தவர் மேகநாத் சாஹா. 1920-ல் அவர் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாடு, நட்சத்திரங்களின் ஒளியைப் பார்த்தே அவற்றின் சூட்டைச் சொல்லும் வழியைத் திறந்தது. கொல்கத்தாவில் அவர் தொடங்கிய நிறுவனத்தை 1950 ஜனவரியில் ஐரீன் ஜோலியோ-கியூரி திறந்து வைத்தார். இன்று அது சாஹா அணு இயற்பியல் நிறுவனம். பெஹாலாவுக்கு நேர் எதிர் மூலையில், ஸால்ட் லேக்கில் இருக்கிறது. செக்டார் ஃபைவ் ஐடி கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் அந்தப் பக்கம் பலமுறை போயிருப்பீர்கள்.

டோகாமாக்கின் பிளாஸ்மா நட்சத்திரத்தின் உட்பகுதி மாதிரி அடர்த்தியானது இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றைவிட லட்சக்கணக்கான மடங்கு மெலிந்தது. உமிழ்ந்த ஒளி திரும்ப உறிஞ்சப்படாமல் தப்பித்துவிடும். அதனால் சாஹாவின் சமன்பாட்டை அப்படியே போட முடியாது. சூரியனின் வெளிப்புறக் கரோனாவுக்காக உருவான வேறொரு கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கேள்வி அதே கேள்விதான்: இந்தச் சூட்டில் இந்த அணுவிடம் எத்தனை எலெக்ட்ரான்கள் மிச்சம்?

டங்ஸ்டனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் வரும் பதில்தான் பயமுறுத்துகிறது. அதனிடம் இருப்பது 74 எலெக்ட்ரான்கள். 10 கோடி டிகிரியைத் தாண்டினாலும் எல்லாம் கழன்று போகாது. பத்துக்கும் மேற்பட்டவை ஒட்டிக்கொண்டேயிருக்கும். உலையின் நடு மையத்திலேயே உட்கார்ந்து ஒளி உமிழ்ந்துகொண்டிருக்கும். பல்பில் நமக்குப் பிடித்த குணம் இங்கே நம் சூட்டைத் திருடுகிறது.

எத்தனை டங்ஸ்டன் அணு வந்தால் ஆபத்து?

ஒரு அரிசி சுமார் 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 25 கிலோ அரிசி மூட்டையில் 12 லட்சத்துக்கும் மேல் அரிசி இருக்கும். அதில் 12 கல் கிடந்தால் லட்சத்தில் ஒன்று. பிளாஸ்மாவில் டங்ஸ்டனின் அளவு இந்த மட்டத்தில் இருந்தால் பரவாயில்லை. அதே மூட்டையில் 125 கல் கிடந்தால்? அது பத்தாயிரத்தில் ஒன்று. அந்த அளவிலேயே டங்ஸ்டனின் இழப்பு எரிபொருளின் தடைக்கதிர் இழப்பைத் தாண்டிவிடும். பிளாஸ்மா தன்னைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் கணக்கு ஆட்டம் காணத் தொடங்கும்.

இது தியரி மட்டும் இல்லை, பட்ட அனுபவம். 1970-களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் 'பிஎல்டி' என்ற டோகாமாக்கில் பிளாஸ்மாவின் விளிம்பைத் தொடும் பாகங்களை டங்ஸ்டனில் செய்திருந்தார்கள். டங்ஸ்டன் நடுவில் போய்ச் சேர்ந்து, மையம் ஓரத்தைவிடக் குளிர்ந்து போனது. அடுப்பின் நடுவில் தண்ணீர் ஊற்றிய மாதிரி. அதை எடுத்துவிட்டு கிராஃபைட் போட்டார்கள். 1978-ல் அதே இயந்திரம் சுமார் 6 கோடி டிகிரியைத் தொட்டது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் டங்ஸ்டன் என்ற பேச்சையே பெரும்பாலோர் எடுக்கவில்லை.

அப்புறம் ஏன் மறுபடியும் டங்ஸ்டன்?

நியாயமான கேள்வி. மற்றவை எல்லாம் வேறு வழியில் கைவிட்டுவிட்டன என்பதுதான் பதில்.

கார்பன்: சில எலெக்ட்ரான்களே இருப்பதால் மையத்தில் வரிக்கதிர் தொல்லை இல்லை. ஆனால் அரிக்கப்பட்டு, டிரிட்டியத்தைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. டிரிட்டியம் அரிதானது, விலை உயர்ந்தது, கதிரியக்கம் உள்ளது. சுவருக்குள் அது சேர்ந்துகொண்டே போவதை எந்த ஒழுங்குமுறை அமைப்பும் ஒப்புக்கொள்ளாது.

பெரிலியம்: நான்கே எலெக்ட்ரான்கள். பிளாஸ்மாவுக்குள் போனாலும் பெரிய இழப்பு இல்லை. ஈட்டரின் பழைய திட்டத்தில் உட்சுவர் இதுதான். பிரிட்டனின் 'ஜெட்' உலை 2011 முதல் பெரிலியம் சுவரும் டங்ஸ்டன் அடிப்பகுதியுமாக ஓடியது. 2023-ல் தன் கடைசிச் சுற்றில் 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து 69 மெகாஜூல் ஆற்றல் எடுத்துச் சாதனை படைத்தது. நம்ம ஊர் கரண்ட் பில் கணக்கில் அது சுமார் 19 யூனிட், அதுவும் மின்சாரமாக இல்லை, சூடாக. ஆனால் பெரிலியம் 1,287 டிகிரியில் உருகிவிடும். வேகமாகத் தேயும். அதன் தூசி நுரையீரலுக்கு விஷம்.

டங்ஸ்டன்: 3,422 டிகிரி வரை உருகாது. மெதுவாகத்தான் தேயும். டிரிட்டியத்தை அதிகம் பிடித்து வைக்காது. ஒரே குறை, உள்ளே போனால் ஒளி உமிழும்.

2024-ல் ஈட்டர் புதிய கால அட்டவணையை அறிவித்தது. பெரிலியம் வெளியே, டங்ஸ்டன் உள்ளே. ஆய்வுப் பணி 2034-ல் தொடங்கும். டியூட்டீரியம்-டிரிட்டியம் எரிபொருள் 2039-ல். கூடுதல் செலவு ஏறத்தாழ 500 கோடி யூரோ. சுவர் மாற்றத்தோடு இரண்டு பாதுகாப்புகளும் வந்தன. ஒன்று, சுவரில் போரான் மென்படலம் பூசி ஆக்சிஜன் போன்ற மாசுகளைப் பிடிக்கும் ஏற்பாடு. இரண்டு, பிளாஸ்மாவின் மையத்தைக் குறிவைத்துச் சூடேற்றும் நுண்ணலைகளின் திறனைக் கூட்டுவது. மையம் நன்றாகச் சூடாகிக் கலங்கிக்கொண்டே இருந்தால் டங்ஸ்டன் அங்கே தங்காது என்பதை ஜெர்மனியின் கார்ஷிங் நகரில் உள்ள 'ஆஸ்டெக்ஸ் அப்கிரேட்' உலை காட்டியிருக்கிறது. 2007 முதல் அதன் உட்சுவர் முழுக்க டங்ஸ்டன்.

வெஸ்டின் 22 நிமிடத்துக்கு இருக்கும் மதிப்பும் இதுதான். டங்ஸ்டன் சுவருக்குள் ஒரு பிளாஸ்மா நீண்ட நேரம் உயிரோடு இருக்க முடியும் என்று அது காட்டியது. அதே சமயம் அதன் சூடு 5 கோடி டிகிரி. ஈட்டருக்குத் தேவை 15 கோடி. அங்கே பயன்பட்ட சூடேற்றல் திறன் 2 மெகாவாட்தான். இணைவு எரிபொருளும் இல்லை. பாதி நம்பிக்கை, பாதி வேலை பாக்கி.

ட்விஸ்ட்: கதிர்வீச்சு வேண்டவும் வேண்டும்

இதுவரை படித்தால் கதிர்வீச்சுதான் வில்லன் என்று தோன்றும். அங்கேதான் கதை திரும்புகிறது.

பிளாஸ்மாவுக்குள் வந்த சூடு என்றாவது வெளியே வந்தாக வேண்டும். ஒளியாக வராவிட்டால் துகள்களாக வரும். துகள்கள் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு, பாத்திரத்தின் அடியில் இருக்கும் 'டைவெர்ட்டர்' என்ற பகுதியில் குறுகலான பட்டையாக மோதும். தாங்கக்கூடிய அளவு சதுர மீட்டருக்கு சுமார் 10 மெகாவாட். எதுவும் செய்யாமல் விட்டால் வரும் சூடு அதை எளிதாகத் தாண்டி டங்ஸ்டனையே பாழாக்கிவிடும்.

தீர்வு? வேண்டுமென்றே விளிம்பில் கொஞ்சம் நியானோ நைட்ரஜனோ ஊதுகிறார்கள். அவை ஓரத்திலேயே ஒளி உமிழ்ந்து, ஒரு புள்ளியில் விழ வேண்டிய சூட்டைச் சுவர் முழுக்கப் பரப்பிவிடும். வெல்டிங் தீப்பொறியை டியூப் லைட்டாக மாற்றுகிற வேலை.

ஆக, மையத்தில் ஒளி கூடாது. விளிம்பில் ஒளி வேண்டும். விளிம்பில் அதிகமாகிப் போனால் அந்தக் குளிர் உள்ளே ஊடுருவி மொத்த பிளாஸ்மாவும் அணைந்துவிடும். குறைந்தால் அடிப்பகுதி உருகும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற மாதிரிதான். கொஞ்சம் தெளித்தால் பதம், அதிகம் தெளித்தால் கல் ஆறிவிடும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே தெளிக்கும் கை மில்லிவிநாடிகளில் முடிவெடுக்க வேண்டும்.

விபத்திலும் கதிர்வீச்சுதான் கைகொடுக்கும். பிளாஸ்மா கட்டுப்பாட்டை இழந்தால் ஈட்டரில் சேமிப்பில் இருக்கும் சுமார் 350 மெகாஜூல் சூடு மில்லிவிநாடிகளில் சுவரின் ஒரு பகுதியில் கொட்டிவிடக்கூடும். அதைத் தடுக்க, உறைந்த நியான்-ஹைட்ரஜன் உருண்டைகளைச் சிதறடித்து உள்ளே சுட்டு, அத்தனை சூட்டையும் ஒளியாக மாற்றி எல்லாப் பக்கமும் பரப்பும் அமைப்பு உருவாகிறது. கசிவையே பாதுகாப்பு வால்வாக்கும் யோசனை.

இந்தியா எங்கே நிற்கிறது?

1987-ல் சாஹா நிறுவனத்தில் ஜப்பானின் தோஷிபா செய்த ஒரு சின்ன டோகாமாக் நிறுவப்பட்டது. பிளாஸ்மா வளையத்தின் நடுவிலிருந்து ஆரம் வெறும் 30 சென்டிமீட்டர், குறுக்கு ஆரம் 7.5 சென்டிமீட்டர். ஒரு மேசை மேல் வைக்கலாம் போன்ற அளவு. பல தலைமுறை மாணவர்கள் பிளாஸ்மாவைக் கையாளக் கற்றுக்கொண்ட பட்டறை அது. 1989-ல் குஜராத்தின் காந்திநகரில், பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில், இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 'ஆதித்யா' ஓடத் தொடங்கியது. 2016-ல் அது மேம்படுத்தப்பட்டு 'ஆதித்யா-யு' ஆனது.

அங்கே சிறிய அளவில் நியான் வாயுவைச் செலுத்தி, விளிம்பில் கதிர்வீச்சு கூடும்போது பிளாஸ்மா தன் சூட்டைப் பிடித்து வைக்கும் திறன் மேம்படுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதாவது ஈட்டருக்குத் தேவைப்படும் அந்தத் தோசைக்கல் பதத்தை நம் ஆட்கள் சிறிய கல்லில் பழகியிருக்கிறார்கள்.

ஈட்டரில் இந்தியாவின் பங்கு சுமார் 9 சதவீதம், பெரும்பாலும் பொருளாக. சூரத் அருகே ஹஜிராவில் எல் அண்டு டி செய்த 30 மீட்டர் உயர கிரையோஸ்டாட் பற்றிப் படித்திருப்பீர்கள். உலை முழுவதையும் மூடும் வெற்றிட உறை அது. அதிகம் பேசப்படாத இன்னொன்றும் இருக்கிறது. பிளாஸ்மாவிலிருந்து வரும் எக்ஸ்ரே வரிகளை அலசி, எந்த மாசு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் படிக நிறமாலைமானிகளும் இந்தியாவின் பொறுப்பில் வருகின்றன. டங்ஸ்டன் உள்ளே வருகிறதா என்று காவல் காக்கும் கண்களில் ஒன்று நம்முடையது. பெரிலியம் சுவராக இருந்தபோதைவிட இப்போது அந்தக் கண்ணுக்கு வேலை அதிகம்.

இது நல்ல செய்தி. கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

9 சதவீதம் கொடுக்கும் இந்தியாவுக்கு ஈட்டரின் தொழில்நுட்ப அறிவு முழுவதும் கிடைக்கும் என்பது ஒப்பந்தம். ஆனால் அறிவு பெட்டியில் வைத்து அனுப்பப்படுவதில்லை. அதை வாங்கிப் பயன்படுத்த, உள்ளூரில் உலை ஓட்டிப் பழகிய ஆட்கள் வேண்டும். காந்திநகரின் மீக்கடத்தி டோகாமாக்கான எஸ்எஸ்டி-1, 2013-ல் முதல் பிளாஸ்மாவைக் கண்டது. 1,000 விநாடிகள் என்ற வடிவமைப்பு இலக்குக்கு எதிரில், அது எட்டியிருப்பது ஒரு விநாடிக்கும் குறைவு. சீனாவின் ஈஸ்ட் அந்த 1,000 விநாடிகளைத் தாண்டிவிட்டது. கிரையோஸ்டாட்டை உலகத் தரத்தில் வெல்டிங் செய்ய நமக்குத் தெரியும். ஆனால் டங்ஸ்டன் சுவருக்குள் பிளாஸ்மாவை நிமிடக்கணக்கில் ஓட்டிய கை நம்மிடம் இன்னும் இல்லை. புத்தகம் படித்து நீச்சல் கற்க முடியாது.

2025 பட்ஜெட்டில் அறிவித்த 20,000 கோடி ரூபாய் அணுசக்தி இயக்கம் இதற்கானது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. அது சிறிய அணுக்கரு பிளவு உலைகளுக்கானது. இணைவுக்கு, காந்திநகர் விஞ்ஞானிகள் 2060 வாக்கில் மாதிரி மின் உலை என்ற வரைவை முன்வைத்திருக்கிறார்கள். அது நடக்க வேண்டுமென்றால் இன்று பி.இ., எம்.எஸ்சி. முடிக்கிறவர்கள்தான் அதைக் கட்ட வேண்டும்.

அடுத்த 'சாதனை' செய்தியில் என்ன பார்க்கணும்?

'செயற்கைச் சூரியன்' என்று ஷேர் ஆகும் செய்திகளில் சூடு எத்தனை கோடி டிகிரி என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். அது மட்டும் போதாது. நான்கு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்.

1. எவ்வளவு நேரம்? ஒரு விநாடி மட்டும் எரிந்தால், சுவரிலிருந்து மாசு கிளம்பி உள்ளே சேரும் முன்பே பரிசோதனை முடிந்துவிடும்.

2. சுவர் எதனால் ஆனது? கார்பன் சுவரில் கிடைத்த வெற்றியை அப்படியே மின் உலைக்கு எடுத்துப் போக முடியாது.

3. எவ்வளவு சூடு ஒளியாகப் போனது, எங்கேயிருந்து? மையத்திலிருந்து போனால் நஷ்டம். விளிம்பிலிருந்து போனால் அது திட்டமிட்ட செலவு.

4. எரிபொருளில் டிரிட்டியம் இருந்ததா? அது இல்லாவிட்டால் சூட்டைப் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆற்றல் எடுத்துக் காட்டவில்லை.

பத்து வருடத்தில் இணைவு மின்சாரம் தருவோம் என்று சொல்லும் ஸ்டார்ட்அப்களின் விளக்கப் படங்களைப் பார்க்கும்போதும் இதே நான்கு கேள்விகள் உதவும். முதலீட்டுப் பக்கத்தில் வேலை பார்ப்பவர்கள் மூன்றாவது கேள்வியை மட்டுமாவது கேட்டுப் பாருங்கள். பதில் வரும் வேகத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

டீக்கடைக்காரருக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏற்கெனவே தெரியும். அடுப்பைச் சுற்றி மண் பூசி, வாயைக் குறுக்கி, சூடு பாத்திரத்துக்குப் போகும்படி அமைத்திருக்கிறார். ஓரத்தில் கசியும் கொஞ்சத்தில் வாடிக்கையாளர்கள் குளிர்காய்கிறார்கள். எங்கே கசிய விட வேண்டும், எங்கே விடக் கூடாது என்பதுதான் அவர் கைப்பழக்கம். ஈட்டர் 2034-ல் டங்ஸ்டன் சுவருக்குள் அதே பழக்கத்தைக் கற்கத் தொடங்கும். அந்த வகுப்பில் உட்கார இந்தியா 9 சதவீதம் கட்டணம் கட்டிவிட்டது. யாரை அனுப்பப் போகிறோம் என்பதை முடிவு செய்ய இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன.